சோறு சாப்பிட்டுத் தள்ளாடியவரின் இரத்தம்

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செனாய்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் அன்னதானம். முரளி என்பவர் பந்தி பரிமாறிவிட்டு, கடைசியாக உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். சோறு, கேசரி, இரண்டு தடவை பாயசம்.
2. பிற்பகலில், பாத்திரம் கழுவும் இடத்தில் அவர் தள்ளாட ஆரம்பித்தார். நாக்கு குழறியது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது.
3. குடித்துவிட்டுக் கோயிலுக்கு வந்திருக்கிறார் என்று அங்கிருந்தவர்கள் முடிவு செய்தார்கள். இது முதல் தடவை இல்லை என்றும் சொன்னார்கள்.
4. நான்கு பேர் அவரைக் காரில் ஏற்றி, ஜொகூர் பாருவில் நாங்கள் வேலை செய்யும் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கொண்டுவந்து விட்டார்கள்.
5. மருந்து எதுவும் ஏறுவதற்கு முன்பே இரத்தம் எடுத்து எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.
6. இரத்தம் மோசமாக அமிலமாகியிருந்தது. லேக்டேட் அளவு இயல்பு. ஆல்கஹால் சைபர்.
7. தொலைபேசி அடித்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நால்வரும், என்ன மிஷின், என்ன கட்டுப்பாட்டு மாதிரி, எப்போது அளவு சரிபார்ப்பது என்பதையெல்லாம் கையேட்டில் படித்துக்கொள்வீர்கள். அதை நான் எழுதப் போவதில்லை. அடுத்த மாதம் நான் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்கிறேன். ஒன்பது வருடம் நின்ற மேசையை விட்டுப் போகும்போது எதையாவது விட்டுச் செல்ல வேண்டும் என்றால், இந்த ஏழாவது வரிக்குப் பிறகு நடந்ததைத்தான் விட்டுச் செல்வேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தொலைபேசியில் பேசியவர் அவசரப் பிரிவின் இளம் மருத்துவர். தமிழர், பெக்கோக் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

"அக்கா, முரளின்னு ஒரு பேஷண்ட். ஆல்கஹால் சைபர்னு வந்திருக்கு. இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க லா."

"ஓட்டிட்டேன் டாக்டர். ரெண்டாவதும் சைபர்தான்."

"டியூப் மாறிப் போச்சா?"

"பேரு, ஐசி நம்பர், வார்டு எல்லாம் பாத்துட்டேன். ஆளு சரி, டியூபும் சரி."

"ஆளு நிக்க முடியாம ஆடுறாரு கா. கூட வந்தவங்களே மாபோக்னு சொல்றாங்க."

மாபோக் என்றால் குடிபோதை. நம் ஊரில் எந்த மொழிக்காரருக்கும் புரியும் சொல்.

"கூட வந்தவங்க சொன்னது மிஷினுக்குக் கேக்காது டாக்டர்."

அவர் சிரித்துவிட்டு வைத்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். தள்ளாடுகிற ஒரு தமிழ் ஆணை இந்த ஊரில் பார்த்தவுடன் என்ன நினைப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மற்றவர்கள் நினைப்பது இருக்கட்டும், நாமே அப்படித்தான் நினைக்கிறோம்.

அவர் வைத்த பிறகு நான் எண்களை மறுபடி பார்த்தேன். சோடியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளி பெரிதாக இருந்தால், நாம் அளக்காத ஏதோ ஒரு அமிலம் இரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். முரளியின் இடைவெளி மிகப் பெரியது. வழக்கமான காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சர்க்கரை நோயின் கீட்டோன் அமிலமா? இல்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டதா? இல்லை. லேக்டிக் அமிலமா? லேக்டேட் இயல்பு, அதனால் இல்லை என்கிறது மிஷின். அப்படியானால் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதபோது நான் செய்த ஒரே காரியம், மிச்சமிருந்த இரத்தத்தைக் காப்பாற்றியது. லேக்டேட்டும் ஆல்கஹாலும் சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் வரும். அன்றைக்கெல்லாம் எங்கள் வழக்கம், பணி நேரம் முடியும்போது அந்த டியூப்களை மொத்தமாகக் குப்பைக்கு அனுப்பிவிடுவது. முரளியின் டியூபை மட்டும் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. விளக்கம் கிடைக்காத எண் ஒன்று வந்தால், அந்த எண்ணைத் தந்த இரத்தத்தைத் தூக்கி எறியக் கூடாது. இதை மட்டும் எந்தக் கையேட்டிலும் தேடாமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அழைப்பு வந்தது. இந்த முறை குரலில் அவசரம்.

"அக்கா, கள்ளச் சாராயமா இருக்கும்னு நெனக்கிறோம். மெத்தனால். அதான் உங்க டெஸ்ட்டுல சைபர்."

அந்தத் தர்க்கத்தைக் கவனியுங்கள். அவர் குடிக்கவில்லை என்று எண் சொன்னது. அதைக் கேட்டவர்கள், அப்படியானால் இன்னும் மோசமான ஒன்றைக் குடித்திருக்கிறார் என்று புரிந்துகொண்டார்கள்.

ஆனாலும் அது முட்டாள்தனமான சந்தேகம் இல்லை. கள்ளச் சாராயத்தில் கலக்கும் மெத்தனால் இரத்தத்தை இப்படித்தான் அமிலமாக்கும், நம் ஆல்கஹால் பரிசோதனையிலும் தெரியாது. சிகிச்சை தாமதமானால் கண் போகும், உயிரும் போகும். அவசரத்தில் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று சாதாரண ஆல்கஹால். மெத்தனால் விஷமாக மாறுவதை அது தடுக்கும். மூக்கு வழியே குழாய் போட்டு அதைக் கொடுக்கவும், சிறுநீரகப் பிரிவில் டயாலிசிஸ் மிஷினைத் தயார் செய்யவும் அவசரப் பிரிவின் மூத்த நிபுணர் சொல்லிவிட்டார். ஒரு துளி ஆல்கஹால்கூட இல்லாத ஒரு மனிதருக்கு ஆல்கஹால் கொடுக்கப் போகிறார்கள். கொடுத்தால் தள்ளாட்டம் கூடும், அதற்கப்புறம் எடுக்கும் எந்த இரத்தத்திலும் ஆல்கஹால் இருக்கும். கொடுக்காமல் விட்டு, உண்மையிலேயே மெத்தனாலாக இருந்துவிட்டால் முரளிக்குப் பார்வை இருக்காது.

"ஆஸ்மோலாலிட்டி ஓட்டித் தரேன் டாக்டர். மெத்தனால் இருந்தா பெரும்பாலும் அதுல எகிறும். ஆனா ஒண்ணு, எகிறலேன்னா மெத்தனாலே இல்லன்னு என்னால எழுதித் தர முடியாது. நேரம் கடந்திருந்தா எகிறாமலும் இருக்கலாம்."

"அப்போ எதுக்கு கா ஓட்டணும்?"

"உங்களுக்கு யோசிக்க ஒரு எண் கூடுதலா கெடைக்கும்."

இரத்தத்தில் கரைந்திருப்பவற்றின் மொத்த அடர்த்தியை அளக்கும் அந்தச் சோதனையை ஓட்டினேன். எகிறவில்லை. நான் சொல்லி முடித்ததும் அந்த மருத்துவர், "இருங்க, அவரு மனைவிகிட்ட மறுபடி பேசிட்டு வரேன்" என்றார்.

நான் அவரைப் பாராட்டத் தொடங்கியது அந்த இடத்தில்தான். குழாய் தயாராக இருந்தது, மேலதிகாரி உத்தரவு கொடுத்தாகிவிட்டது, வெளியே நோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒருவர் ஏற்கெனவே கேட்டு முடித்த கேள்வியை மறுபடி கேட்கப் போகிறார்.

அங்கே நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார். முரளியின் மனைவி கலா, செனாயில் மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். கோயிலுக்குக் கட்டிய சேலையோடு, திருநீறு கலைந்த நெற்றியோடு, வராந்தாவில் நின்றிருக்கிறார்.

"எத்தன தடவ கேப்பீங்க டாக்டர்? அவரு தொடமாட்டாரு. மோந்து பாருங்க, வாடை வருதா? என் மாமனாரு குடிச்சே செத்தாரு. அதனாலயே இவரு பாட்டில் பக்கம் போவமாட்டாரு."

"இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா கா?"

"இது மூணாவது தடவ. ஒரு தடவ பிறந்த நாள் விருந்துல. ஒரு தடவ கல்யாணத்துல. ராத்திரி படுத்துட்டு, ஒண்ணும் சாப்பிடாம கெடந்தாருன்னா தானா சரியாப் போயிரும். கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது."

"ஏன் விருந்துல மட்டும்?"

"அதான் சொல்றேன்ல! சோறு அதிகமா உள்ள போனா இப்படி ஆவுது. அவரோட முதலாளி தவ்கேகிட்ட சொன்னேன், சிரிக்கிறாரு. என் அண்ணன்கிட்ட சொன்னேன், அவனும் சிரிக்கிறான். சோத்துல யாராச்சும் மாபோக் ஆவாங்களா, உன்ன நல்லா ஏமாத்துறான்னு."

அந்த மருத்துவர் சிரிக்கவில்லை. "எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார்.

"வயித்துல ஆப்பரேஷன் பண்ணதுக்கு அப்புறம்தான், மூணு மாசமா. மோட்டார்ல போறப்ப லாரி இடிச்சிருச்சு. கொடலு பாதிக்கு மேல வெட்டி எடுத்துட்டாங்க."

மூன்று மாதமாக அந்தப் பெண் நோயை அறிந்து வைத்திருந்தார். பெயர் மட்டும்தான் தெரியாது. எது சாப்பிட்டால் வருகிறது, எது செய்தால் போகிறது, எப்போதிலிருந்து என்று எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். கணவர் மேல் வைத்த பாசத்தில் சொல்கிறார் என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள்.

மூன்றாவது அழைப்பு.

"அக்கா, ஒரு கேள்வி. முட்டாள்தனமா இருந்தா சொல்லுங்க. உங்க மிஷின் எல்லா லேக்டேட்டையும் பாக்குமா?"

ஒன்பது வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அது. மருத்துவர்கள் எங்களிடம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பார்கள், ஏன் தப்பாக வந்தது என்று கேட்பார்கள். உங்கள் மிஷினுக்கு எது தெரியாது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"பாக்காது டாக்டர்."

லேக்டேட்டில் இரண்டு வடிவம் உண்டு. கோயில் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது இரண்டும் ஒரே தோல், ஒரே அளவு, ஆனால் ஒன்றை மற்றக் காலில் போட முடியாது. நம் உடம்பு தயாரிப்பது பெரும்பாலும் இடது. நம் மிஷினில் இருக்கும் நொதி இடது செருப்புகளை மட்டும் எண்ணும் ஆள். வாசலில் வலது செருப்பு மலைபோலக் குவிந்திருந்தாலும் அவர் கணக்கில் வராது. இயல்பு என்று எழுதிக் கொடுப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் கேட்டது அவ்வளவுதான்.

வலது வடிவத்தைச் சில குடல் கிருமிகள் தயாரிக்கும். சிறுகுடல் குட்டையாகிவிட்டால் சோறும் இனிப்பும் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் கிருமிகளுக்கு அது விருந்து. அவை உண்டாக்கும் அமிலம் இரத்தத்தில் ஏறினால் நடை தடுமாறும், நாக்கு குழறும், புத்தி மயங்கும். டி-லேக்டிக் அமிலத்தேக்கம் என்று பெயர். நானும் பாடத்தில் ஒரே ஒரு பக்கம் படித்ததுதான். அந்த மருத்துவருக்கும் அப்படித்தான் லேசாக நினைவுக்கு வந்திருக்கிறது.

"இங்க ஓட்ட முடியுமா?"

"முடியாது. வெளிய அனுப்பணும். ரிசல்ட் வர நாளாகும். ஆனா முதல் டியூப்ல கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன். இப்ப புதுசா இன்னொண்ணும் எடுத்து ஐஸ்ல வச்சு உடனே அனுப்புங்க."

"அலமாக், அக்கா! வச்சிருக்கீங்களா?"

மகிழ்ச்சிக்கு நேரம் இல்லை. அவர் வைத்த உடனே நிபுணர் அழைத்தார். அமைதியாகப் பேசும் மலாய்க்காரர்.

"சிக், செகாலி லாகி" என்றார். மிஸ், இன்னும் ஒரு தடவை என்று பொருள்; ஆல்கஹால்தான் ஓட்டச் சொல்கிறார்.

டியூபில் மிச்சம் இருந்தது ஒரு பரிசோதனைக்குத்தான் போதும். ஓட்டினால் சைபர் வரும், இரத்தமும் தீர்ந்துவிடும். புதிதாக எடுக்கும் இரத்தம் வேறு, ஏனென்றால் அதற்குள் அவருக்கு மருந்து நீர் ஏறத் தொடங்கியிருந்தது. முரளி மிக மோசமாக இருந்த நேரத்தின் ஒரே சாட்சி என் கையில் இருந்த அந்த டியூப்.

அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று உங்களிடம் கேட்டால், நிபுணர் சொன்னதைச் செய்வோம் என்பீர்கள். வழக்கமாக அதுதான் சரி. நான் மலாயில் அவரிடம் மூன்று விஷயங்களைச் சொன்னேன். இரண்டு தடவை ஓட்டியாகிவிட்டது, இரண்டும் ஒன்றே. மூன்றாவது தடவை ஓட்டினால் புதிதாக எதுவும் தெரியாது. இந்த மிச்சத்தை வைத்து இன்னொரு கேள்விக்கு விடை தேட முடியும், அதை உங்கள் இளம் மருத்துவர் இப்போது உங்களிடம் சொல்ல வந்துகொண்டிருக்கிறார். அவர் சொன்ன பிறகும் ஓட்டச் சொன்னால் ஓட்டுகிறேன்.

அவர் கோபப்படவில்லை. "வந்துவிட்டார், எதிரில்தான் நிற்கிறார்" என்று மட்டும் சொல்லி வைத்தார். திரும்ப அழைக்கவில்லை.

அவர்கள் எடுத்த முடிவையும் சொல்ல வேண்டும், அதில் பிடிவாதம் இல்லை என்பதால். கண் மருத்துவரை அழைத்துக் கண்ணின் பின்புறத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கோளாறு இல்லை. மெத்தனால் குடித்தவர் சும்மா படுத்தே இரண்டு தடவை சரியாவதும் நடக்கிற காரியமில்லை. மூக்குக் குழாயை நிறுத்தினார்கள். ஆனால் டயாலிசிஸ் மிஷினைத் தயார் நிலையிலேயே வைத்திருந்தார்கள். வாய்வழி உணவை நிறுத்தி, பைகார்பனேட் ஏற்றி, குடல் கிருமிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். நான் முதல் டியூபின் பிளாஸ்மாவையும் புதியதையும் உறைய வைத்தேன்.

மறுநாள் காலை முரளி தெளிவாகப் பேசினார். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் சந்தோஷம். நிபுணர் மட்டும் ஒன்று சொன்னாராம்: "பட்டினி போட்டால் குடித்தவனும் காலையில் தெளிந்துவிடுவான்." அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. முரளி பிழைத்ததால் மட்டும் முரளியின் பெயர் பிழைத்துவிடாது.

அவர் தொழிற்சாலை வேன் ஓட்டுநர். தினமும் காலையில் குளாயிலிருந்து செனாய்க்குப் பெண்களை ஏற்றிப் போகிறவர். அந்தத் திங்கட்கிழமையே வேன் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டுவிட்டார். இனிமேல் முரளி பந்திப் பக்கமே வரக் கூடாது என்று கோயில் நிர்வாகமும் சொல்லிவிட்டது. கலாவின் அண்ணன் மருத்துவமனைக்கே வந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லித் தங்கையிடம் சண்டை போட்டார். உறைந்து கிடந்த அந்தப் பிளாஸ்மாவுக்கு இத்தனை பேர் காத்திருந்தார்கள்.

வெளியே அனுப்பியதன் முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. முதல் டியூபில் டி-லேக்டேட் மிக அதிகம். இரண்டாவதில் அதைவிடக் குறைவு. அவர் தெளியத் தெளிய அதுவும் இறங்கியிருக்கிறது.

அந்த மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டு எங்கள் பிரிவுக்கே நேரில் வந்தார். முரளியிடம் அனுமதி வாங்கியிருந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கோயில் தலைவரை அழைத்தார்.

"தலைவரே, முரளி குடிக்கல. அது ஒரு நோய். அவருக்குக் கொடலு கம்மி. சோறு அதிகமாப் போனா இரத்தத்துல அமிலம் ஏறி இப்படி ஆவுது."

எதிர்முனையில் தலைவரின் சிரிப்பு எனக்கே கேட்டது. "டாக்டர் சார், சோத்துல மாபோக்கா? எங்க காதுலயே பூ சுத்துறீங்களே!"

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன் தலைவரே. ஆளப் பாத்ததும் குடிகாரன்னு நெனச்சேன். நம்ம ஆளுங்கள எத்தன பேர அப்படிப் பாத்து வளர்ந்தேன். ஆனா நான் நெனச்சது தப்பு. இப்ப ரிசல்ட் என் கையில இருக்கு. நீங்களும் உங்க ஆளுங்கள கூப்பிட்டுச் சொல்லணும்."

சிரிப்பு நின்றது. அடுத்து வேன் முதலாளியை அழைத்து அதையே மலாயில் சொன்னார். தான் தப்பாக நினைத்ததையும் விடாமல் சொன்னார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. அதைச் சொல்லாமலும் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு டாக்டரே முதலில் ஏமாந்தார் என்று தெரிந்த பிறகு மற்றவர்கள் பின்வாங்குவது சுலபமாகிவிட்டது.

முரளி வீடு திரும்பும் நாளன்று கலா எங்கள் மாதிரி வாங்கும் ஜன்னலுக்கு வந்தார். நோயாளியின் வீட்டார் அங்கே வருவதே இல்லை.

"அந்த சைபர் போட்டது யாருங்க?"

நான் எழுந்து போனேன்.

"நீங்களா? சின்னப் புள்ளையா இருக்கீங்களே!" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். நான் கையுறையைக் கழற்றியிருந்தது நல்லதாயிற்று.

"மூணு மாசமா அவரு குடிக்கலன்னு சொன்னது நான் ஒருத்திதான். எனக்கே ஒரு நாளு சந்தேகம் வந்துருச்சு தெரியுமா? அலமாரியெல்லாம் தேடிப் பாத்தேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, லேப்ல சைபர்னு வந்திருக்குன்னு. என்னோட சேத்து ரெண்டு பேரு ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

இன்றைய நிலை இது. முரளிக்கு அதன் பிறகு ஒரு தடவை லேசாகத் திரும்ப வந்தது, கலா உடனே அழைத்து வந்தார், நாங்களும் உடனே கண்டுகொண்டோம். அவர் சோற்றைக் குறைத்து, சிறிது சிறிதாகப் பல வேளை சாப்பிடுகிறார். வேன் சாவியை முதலாளி திருப்பிக் கொடுத்தபோது முரளியே வேண்டாம் என்றார், பின்னால் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது வந்துவிட்டால் என்ன செய்வது என்று. இப்போது அதே கம்பெனியின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார், சம்பளம் கொஞ்சம் குறைவு. அந்த இளம் மருத்துவர் கோத்தா பாருவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். டி-லேக்டேட்டை நம் ஆய்வகம் இன்னமும் அளப்பதில்லை, வெளியேதான் அனுப்புகிறோம். அமில இடைவெளி பெரிதாக இருந்து காரணம் தெரியாவிட்டால் சாம்பல் மூடி டியூபை உறைய வைப்பது இப்போது எங்கள் பிரிவின் விதி. திங்கட்கிழமையிலிருந்து அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.